கண்ணைத் தனியே படிக்க முடியாது

லண்டனில் தமிழ் மருத்துவ மாணவர்கள் முன் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்



இலக்கியமும் வரலாறும் பேசப்பட்டுவரும் மேடை இது. இந்த ஆண்டு ஒரு தேர்வைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். மாணவர்கள் சிலர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த கேள்விகளைப் படித்தேன். எல்லாக் கேள்விகளும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: டியூக்-எல்டர் பரிசுத் தேர்வுக்கு எப்படித் தயாராவது? சென்னை எழும்பூரில் கண் மருத்துவம் பயின்று, பிறகு இந்த நாட்டில் பல ஆண்டுகள் பணிசெய்தவன் என்ற முறையில் என்னால் இயன்ற விடையைச் சொல்கிறேன்.

மாணவர்களோடு வந்திருக்கும், தேர்வை அறியாத பெற்றோர்களுக்காகச் சில வார்த்தைகள். இது பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஆஃப்தல்மாலஜிஸ்ட்ஸ் மருத்துவ மாணவர்களுக்காக நடத்தும் பரிசுத் தேர்வு. எழுதித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எழுதாவிட்டாலும் பட்டம் கிடைக்கும். 90 கேள்விகள், இரண்டு மணி நேரம். கொடுத்த விடைகளுள் மிகப் பொருத்தமான ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விதிகள் மாறுவதுண்டு என்பதால் விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கண் மருத்துவச் சிறப்புப் பயிற்சிக்கு இந்த நாட்டில் போட்டி மிகக் கடுமை. அந்த விண்ணப்பங்களில் இந்தத் தேர்வில் பெற்ற இடம் மதிப்பெண்ணாகக் கணக்கிடப்பட்டு வந்திருக்கிறது. உங்களில் பலர் இதை எழுத நினைப்பதற்கு அதுதான் காரணம் என்பது எனக்குத் தெரியும். அதில் தவறொன்றும் இல்லை.

பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள். மருத்துவமனைக் கண் மருத்துவம், உடற்கூறு, உடலியங்கியல், நோயியல் ஆகியவற்றை எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். அவற்றோடு மரபியலும், கண் நோய்களின் சமூக, பொருளாதாரப் பக்கமும் இருக்கின்றன. இந்தக் கடைசி இரண்டையும் ஒட்டுப்போட்டவை என்று நினைத்துப் பலர் தேர்வுக்கு முந்தைய வாரம் வரை தள்ளிவைக்கிறார்கள். என் கருத்து இதற்கு நேர் எதிரானது. கண்ணைத் தனி உறுப்பாக எடுத்துப் படிப்பவருக்கு இந்தத் தேர்வும் கைகூடாது, தேர்வுக்குப் பிறகு அந்தப் படிப்பும் நிலைக்காது. உடலுக்குள், குடும்பத்துக்குள், ஊருக்குள் வைத்துக் கண்ணைப் படிக்க வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். அதைச் சில கூறுகளாக விரித்துச் சொல்கிறேன்.

1. பெயருக்கு உரியவரும் அவர் ஏற்காத லென்சும்

சர் ஸ்டூவர்ட் டியூக்-எல்டர் 1898இல் ஸ்காட்லாந்தில் டண்டீ நகருக்கு அருகே டீலிங் என்ற ஊரில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். செயின்ட் ஆண்ட்ரூஸில் படித்தார். 1932இல் பிரதமர் ராம்சே மெக்டொனால்டுக்குக் கண் அழுத்த நோய் அறுவை செய்தார். அரச குடும்பத்தின் கண் மருத்துவராகவும் இருந்தார். ஆனால் அவரை நிலைநிறுத்தியது அவருடைய எழுத்து. ஏழு தொகுதிகளில் ஒரு பாடநூலை எழுதி முடித்தார். பிறகு 1958 முதல் 1976 வரை 15 தொகுதிகளாக 'சிஸ்டம் ஆஃப் ஆஃப்தல்மாலஜி' என்ற பெருநூலைத் தொகுத்தார். லண்டனில் கண் ஆராய்ச்சிக்கென்று ஒரு நிறுவனம் எழுந்ததிலும் அவர் பங்கு பெரியது. அன்று கண்ணைப் பற்றி உலகம் அறிந்ததையெல்லாம் ஒருவர் ஒரே அலமாரியில் அடுக்கிவைத்தார் என்றால் அது மிகையாகாது.

அதே காலத்தில் அதே லண்டனில் ஹெரால்ட் ரிட்லி என்ற மருத்துவர் இருந்தார். இரண்டாம் உலகப் போரில் விமானக் கூரையின் பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் உடைந்து விமானிகளின் கண்ணுக்குள் தைத்த துண்டுகளை அவர் கவனித்தார். இரும்புத் துண்டுகளைப் போல அவை கண்ணைக் கெடுக்கவில்லை, ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்தன. ஒருநாள் கண்புரை அறுவையைப் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவ மாணவர் ஒருவர், எடுத்த லென்சுக்குப் பதிலாக ஒன்றை வைக்க மாட்டீர்களா என்று கேட்டதாகச் சொல்லப்படுகிறது. அந்தப் பிளாஸ்டிக்கால் லென்ஸ் செய்து கண்ணுக்குள் வைக்கலாம் என்று ஏற்கெனவே ரிட்லி மனத்தில் இருந்த எண்ணத்தை அந்தக் கேள்வி கிளறியது. 1949 நவம்பரில் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் முதல் உள்விழி லென்சை அவர் பொருத்தினார். 1951இல் தம் நோயாளிகளை ஆக்ஸ்ஃபோர்டு மாநாட்டுக்கு அழைத்துவந்து காட்டினார். அன்றைய பெரியவர்கள் ஏற்கவில்லை. ஏற்காதவர்களில் முதன்மையானவர் டியூக்-எல்டர். வெளிப்பொருளைக் கண்ணிலிருந்து எடுப்பதுதான் கண் மருத்துவர் வேலை, உள்ளே வைப்பது அல்ல என்று அந்தத் தலைமுறை நம்பியது. ரிட்லிக்கு சர் பட்டம் கிடைத்தபோது ஆண்டு 2000.

டியூக்-எல்டரைக் குறைத்துப் பேச இதைச் சொல்லவில்லை. தொடக்க கால லென்சுகளால் சிக்கல்கள் பல நேர்ந்தன. அவர் தயங்கியதற்கும் காரணம் இருந்தது. இருந்தாலும், அன்றைய நூல்கள் அனைத்தையும் கற்றறிந்தவர் வேண்டாம் என்ற ஒன்றைத்தான் ஒரு மாணவர் கேட்டார். டியூக்-எல்டர் பெயரில் நடக்கும் தேர்வுக்குப் படிக்கும்போது அந்த மாணவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு செய்தியையும் 'ஏன்' என்று கேட்டு வாங்குங்கள். நான் சொல்லப்போகும் படிப்பு முறை முழுவதும் அந்த ஒரு சொல்லில் நிற்கிறது.

2. உடலுக்குள் கண்

இந்நாட்டு மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் கண்ணுக்கென்று ஒதுக்கும் காலம் ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு. அந்த வாரத்தில் மாணவர் இருட்டறையில் ஸ்லிட் லாம்ப் அருகே நின்று, ஒன்றும் தெரியாமல், தெரிந்ததாகத் தலையாட்டிவிட்டு வருகிறார். ஆகவே கண் வேறு உலகம் என்ற எண்ணம் ஊன்றிவிடுகிறது. பரிசுத் தேர்வுக்கு அமரும்போது அந்த எண்ணத்தை முதலில் கழற்றிவிட வேண்டும். உடற்கூற்றிலும் நரம்பியலிலும் பொது மருத்துவத்திலும் நீங்கள் படித்ததுதான் கண்ணுக்குள்ளும் நடக்கிறது.

மூன்றாம் கபால நரம்பை எடுத்துக்கொள்வோம். தேர்வில் இதைப் பற்றி ஏதேனும் ஒரு வடிவில் கேட்பார்கள் என்று நம்பிப் படிக்கலாம். இமை தொங்குகிறது, விழி வெளிப்புறமும் கீழுமாக நிற்கிறது. கண்பாவை விரிந்திருக்கிறதா, இயல்பாக இருக்கிறதா? விரிந்திருந்தால் தமனி வீக்கம் நரம்பை அழுத்துகிறதா என்று அன்றே ஸ்கேன் எடுக்க வேண்டும். இயல்பாக இருந்து நோயாளி சர்க்கரை நோயாளியாகவும் இருந்தால், நுண்ணிய இரத்தக் குழாய் அடைப்பாக இருக்கும் வாய்ப்பு அதிகம். இதை இரண்டு வரியாக மனப்பாடம் செய்தவர் தேர்வறையில் தலைகீழாக எழுதிவிட்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். காரணம் தெரிந்தவருக்கு அது நடக்காது. கண்பாவையைச் சுருக்கும் இழைகள் அந்த நரம்பின் மேற்பரப்பை ஒட்டி ஓடுகின்றன. வெளியிலிருந்து அழுத்தும் வீக்கம் முதலில் அவற்றைத்தான் நெருக்கும். சர்க்கரை நோயில் இரத்த ஓட்டம் குறைவது நரம்பின் நடுப்பகுதியில். ஓரத்து இழைகளுக்கு வேறு குழாய்களும் இரத்தம் தருவதால் அவை தப்பிவிடுகின்றன. இந்த உடற்கூறு தெரிந்துவிட்டால் விடை தானாக வரும், நோயாளியும் பிழைப்பார். பின் இணைப்புத் தமனியின் வீக்கம் வெடித்தால் அது உயிர்ப் பிரச்சினை, பார்வைப் பிரச்சினை மட்டுமல்ல.

நான்காம் நரம்பும் அப்படித்தான். மூளைத் தண்டின் பின்புறத்திலிருந்து புறப்பட்டு, மறுபக்கம் கடந்து, மண்டையோட்டுக்குள் மிக நீண்ட வழி செல்லும் மெல்லிய நரம்பு அது. தலையில் அடிபட்டவருக்கு அது பாதிக்கப்படுவதன் காரணம் அந்த வழியிலேயே இருக்கிறது. மாடிப்படி இறங்கும்போது படிகள் இரண்டு இரண்டாகத் தெரிகின்றன என்று நோயாளி சொன்னால், தேர்வுத்தாள் அந்த நரம்பைத்தான் கேட்கிறது. பார்வை நரம்புத் தட்டு வீங்குவதும் இப்படிப்பட்டதே. மூளை உறைகள் பார்வை நரம்பையும் போர்த்திக்கொண்டு கண்கோளம் வரை வருகின்றன. தலைக்குள் ஏறும் அழுத்தம் அந்த உறைவழியே கண்ணின் பின்புறம் வந்து சேர்கிறது. காலையில் தலைவலி, குனிந்தால் கண் மங்கல் என்று வரும் இளம்பெண்ணின் கண்ணுக்குள் பார்க்காமல் மாத்திரை எழுதிக் கொடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா?

இரண்டு நோய்களைப் பற்றி இந்த அவையில் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பிள்ளைகளுக்கு ஒன்று கேள்விப்படாததாகவும் மற்றது பழக்கப்பட்டதாகவும் இருக்கும். பெரிய செல் தமனி அழற்சி நம் ஊரில் அரிது. இங்கே 50 வயது கடந்த வெள்ளையர்களிடம், அதிலும் எழுபது எண்பது வயதினரிடம், அடிக்கடி பார்க்கலாம். தலை சீவும்போது வலி, உணவை மெல்லும்போது தாடை கடுப்பது, திடீரென்று ஒரு கண் இருள்வது ஆகியவை அதன் அடையாளங்கள். ஒரு கண் போனால் போனதுதான். ஸ்டீராய்டை உடனே தொடங்குவது மற்றக் கண்ணைக் காப்பதற்காக. தமனித் துண்டுப் பரிசோதனைக்கு நாள் குறித்துவிட்டு மருந்தை நிறுத்திவைக்கும் விடையைத் தேர்வில் பார்த்தால் அதைத் தாண்டிச் செல்லுங்கள்.

மற்றது திடீர்க் கோண அடைப்புக் கண் அழுத்த நோய். ஆசிய மக்களிடம் இது கூடுதல். கண்கோளம் குட்டையாக இருப்பவர்களுக்கு, அதாவது கிட்டத்தில் தெளிவு குறைந்து பிளஸ் கண்ணாடி போடுபவர்களுக்கு, முன்னறையில் இடம் குறைவு. வயது ஏற லென்ஸ் தடித்து அந்த இடத்தை இன்னும் நெருக்கும். மாலை மங்கிய வெளிச்சத்தில் பாவை பாதி விரியும்போது நீர் வடியும் கோணம் அடைபட்டுவிடும். கண் சிவக்கும், கருவிழி மங்கும், விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரியும். இவற்றோடு வாந்தியும் வரும். வாந்தியை மட்டும் கேட்டுவிட்டு வயிற்று நோய்ப் பிரிவுக்கு அனுப்பப்பட்டவர்களின் கதைகள் எல்லா நாட்டு மருத்துவர்களிடமும் இருக்கின்றன. உங்களில் கண் மருத்துவத்துக்கே வராமல் குடும்ப மருத்துவராகப் போகிறவர்தான் இந்த நோயாளியை முதலில் பார்ப்பார். ஆகவே இந்தத் தேர்வுக்குப் படிப்பது அவருக்குத்தான் அதிகம் பயன்படும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

3. எண்கள்

சில எண்களை மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும். இதில் குறுக்கு வழி இல்லை. வளர்ந்தவரின் கண்கோள நீளம் சுமார் 24 மில்லிமீட்டர். கண்ணின் மொத்த ஒளிமுறிவுத் திறன் ஏறத்தாழ 60 டயாப்டர், அதில் கருவிழியின் பங்கு 43. கருவிழியின் நடுத் தடிமன் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். இயல்பான கண்ணழுத்தம் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம். பார்வை நரம்பில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இழைகள். இவற்றையும் தனித்தனியே தொங்கவிடாமல் ஒரு விளைவோடு கட்டிவையுங்கள். ஒளிமுறிவில் மூன்றில் இரண்டு பங்கு கருவிழியில் நடப்பதால்தான் லேசர் சிகிச்சையில் அதைச் செதுக்குகிறோம். கருவிழி தடித்திருந்தால் கருவி காட்டும் அழுத்தம் உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும், மெலிந்திருந்தால் குறைவாகத் தெரியும். ஆகவே 21 என்ற எல்லையை வேதவாக்காகக் கொள்ள முடியாது.

4. குடும்பத்துக்குள் கண்

மரபியலை நம் சமூகத்தார் கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டும் என்பேன். அத்தை மகனையும் மாமன் மகளையும் மணப்பது நம்மிடையே தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். அக்காள் மகளைக் கொள்வதும் இருந்தது, இன்னும் சில இடங்களில் இருக்கிறது. முதல்முறை உறவில் மணந்தோர் குழந்தைக்கு ஒரே மூதாதையின் மரபணு இரண்டு பக்கமும் வந்து சேரும் வாய்ப்பு 16இல் 1. தாய்மாமனை மணந்தவர் குழந்தைக்கு அது 8இல் 1. ஒடுங்கிய மரபு நோய்கள் இப்படிப்பட்ட குடும்பங்களில் கூடுவதன் கணக்கு இதுதான். விழித்திரையைப் படிப்படியாகத் தின்னும் ரெட்டினைட்டிஸ் பிக்மென்ட்டோசாவின் பல வகைகள் இதில் அடங்கும். கேள்வித்தாளில் குடும்ப மரம் ஒன்றை வரைந்து கொடுத்து, இரட்டைக் கோட்டால் இணைந்த பெற்றோரைக் காட்டினால், அந்த இரட்டைக் கோட்டின் பொருள் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. வெட்கப்படவும் வேண்டாம், பழிக்கவும் வேண்டாம். புரிந்துகொண்டு, நாளை உங்களிடம் வரும் குடும்பத்துக்குப் பொறுமையாக விளக்குங்கள்.

தாய்வழி மட்டும் வரும் நோய்க்கு லெபர் பார்வை நரம்பு நோயைப் படியுங்கள். 1871இல் தியோடர் லெபர் விவரித்தார். மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வில் 11778ஆம் இடத்து மாற்றம் அதற்குக் காரணம் என்று 1988இல் தெரியவந்தது. இன்று அறிந்த மூன்று முக்கிய மாற்றங்களில் அதுவே மிகுதி. பெரும்பாலும் இளைஞர்கள் பாதிக்கப்படுகிறார்கள். ஒரு கண்ணும் சில வாரங்களில் மற்றதும் வலியில்லாமல் மங்கும். பாதிக்கப்பட்ட ஆணின் பிள்ளைகளுக்கு நோய் போகாது, ஏனென்றால் மைட்டோகாண்ட்ரியா கருமுட்டையின் வழி வருவது. இந்த ஒரு நோயைக் காரணத்தோடு படித்தால் மைட்டோகாண்ட்ரியா மரபைப் பற்றிய எந்தக் கேள்விக்கும் தயார்.

விழித்திரைப் புற்றான ரெட்டினோபிளாஸ்டோமா புற்றுநோய் அறிவியலையே மாற்றிய நோய். 1971இல் ஆல்ஃபிரட் நட்சன் இந்த நோயின் கணக்குகளைப் பார்த்து, ஒரு செல்லில் இரண்டு அடிகள் விழுந்தால்தான் கட்டி தோன்றும் என்ற கருத்தை முன்வைத்தார். பிறவியிலேயே ஓர் அடியோடு பிறந்த குழந்தைக்கு இரண்டு கண்களிலும் சிறு வயதிலேயே வருகிறது. இரண்டு அடிகளும் பின்னர் விழ வேண்டிய குழந்தைக்கு ஒரு கண்ணில், சற்றுத் தாமதமாக வருகிறது. 13ஆம் குரோமோசோமில் உள்ள அந்த மரபணு 1986இல் பிரித்தெடுக்கப்பட்டது. பெற்றோர்கள் இங்கே இருப்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஃப்ளாஷ் போட்டு எடுத்த படத்தில் குழந்தையின் ஒரு பாவை மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால் தள்ளிப்போடாமல் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். வேறு காரணமாகவும் இருக்கலாம். ஆனால் இதுவாக இருந்து உரிய காலத்தில் கண்டால் மிகப் பெரும்பாலான குழந்தைகள் பிழைத்துவிடுகிறார்கள்.

மரபியல் என்றால் தலைவிதி என்ற நிலையும் மாறிவிட்டது. ஆர்.பி.இ.65 என்ற மரபணுக் குறையால் பார்வை இழப்பவர்களுக்கு, சரியான மரபணுவை விழித்திரைக்கு அடியில் செலுத்தும் தொடக்கச் சோதனைகளுள் ஒன்று 2007இல் இதே லண்டனில் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையில் நடந்தது. அந்தக் குறைக்கான மரபணு மருந்து 2019இல் இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவைக்குள் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

5. ஊருக்குள் கண்

மாணவர்கள் மிக எளிதாகக் கைவிடும் பகுதி இது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

மூர்ஃபீல்ட்ஸ் 1805இல் தொடங்கியதன் பின்னணியில் ஒரு போர் இருக்கிறது. எகிப்தில் நெப்போலியன் படையோடு போரிட்டுத் திரும்பிய வீரர்கள் டிரக்கோமா என்னும் கண் தொற்றோடு வந்தார்கள், அது நகரத்தில் பரவியது. மூர்ஃபீல்ட்ஸில் பயின்ற ராபர்ட் ரிச்சர்ட்சன் கிழக்கிந்தியக் கம்பெனியால் சென்னைக்கு அனுப்பப்பட்டு, 1819இல் கண் மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார். அதுவே பிறகு எழும்பூர் கண் மருத்துவமனை ஆயிற்று. அங்கே கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட் கண் அழுத்த நோய்க்கு வெண்படல விளிம்பில் சிறு துளையிடும் அறுவையை 1909இல் வகுத்து உலகெங்கும் பரப்பினார். லண்டனிலிருந்து சென்னைக்குப் போன வழியில் அறிவு திரும்பியும் வந்தது.

அடுத்த எடுத்துக்காட்டு நம் காலத்தது. ரிட்லியின் லென்ஸ் வெற்றிபெற்ற பிறகும் ஏழை நாடுகளில் அதை வாங்க முடியவில்லை. புரை எடுத்தபின் சோடாப் புட்டி போன்ற தடித்த கண்ணாடியோடுதான் கிராமத்து மக்கள் நடந்தார்கள். அது தொலைந்தால் மறுபடி குருடு. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் துணையாக 1992இல் ஆரோலேப் எழுந்தது. வெளிநாட்டு லென்சின் விலையில் ஒரு சிறு பங்குக்கு அங்கேயே உள்விழி லென்ஸ் செய்தார்கள். லண்டனில் பெரியவர்கள் மறுத்ததை மதுரை எளியவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. பார்வை இழப்பின் பொருளாதாரம் பற்றித் தேர்வில் கேட்டால், இந்த வரலாற்றில் பாதி விடை இருக்கிறது. உலகில் பார்வையிழப்புக்கு முதல் காரணம் இன்றும் கண்புரைதான், அது அறுவையால் தீரக்கூடியது.

நோயும் ஊருக்கு ஊர் மாறும். கருவிழிப் புண்ணை எடுங்கள். தஞ்சாவூர்ப் பக்கத்தில் நெல் தாளோ மண்ணோ கண்ணில் பட்டு வருபவருக்குக் காளான் தொற்றை முதலில் நினைக்க வேண்டும். லண்டனில் கான்டாக்ட் லென்சோடு குளித்துவிட்டு, அதைக் கழற்றாமலே தூங்கிய மாணவருக்குச் சூடோமோனாசையும் அகாந்தமீபாவையும் நினைக்க வேண்டும். காளான் புண்ணுக்கு உரிய மருந்து நேட்டமைசினா, வோரிகோனசோலா என்ற கேள்விக்கு உலகம் இன்று நம்பும் விடை 2013இல் வெளிவந்த ஆய்விலிருந்து வந்தது. 323 நோயாளிகளைக் கொண்ட அந்த ஆய்வு அரவிந்த் மருத்துவமனைகளில் நடந்தது. இழைக் காளானுக்கு நேட்டமைசினே மேல் என்று தெரிந்தது. இங்கிலாந்து மாணவர் படிக்கும் பாடநூல் வரியில் தமிழ்நாட்டு உழவர்களின் கண்கள் இருக்கின்றன.

இன்னொரு சான்றையும் சொல்லியே ஆக வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உழைக்கும் வயதினரின் பார்வையிழப்புச் சான்றிதழ்களை ஆராய்ந்தவர்கள் 2014இல் முடிவை வெளியிட்டார்கள். 2009-10 கணக்கில் முதலிடம் பரம்பரை விழித்திரை நோய்களுக்கு, 20.2 விழுக்காடு. சர்க்கரை நோயால் வரும் விழித்திரைப் பாதிப்புக்கு 14.4. குறைந்தது ஐந்து பதிற்றாண்டுகளில் முதன்முறையாகச் சர்க்கரை நோய் முதலிடத்திலிருந்து இறங்கியது. 2003 முதல் இங்கே படிப்படியாக விரிந்த விழித்திரைப் பரிசோதனைத் திட்டம் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். 12 வயதும் அதற்கு மேலும் உள்ள சர்க்கரை நோயாளிகளை அழைத்து, படம் எடுத்து, வேண்டியவர்களை லேசருக்கு அனுப்பும் எளிய ஏற்பாடு அது. தெற்காசியர்களுக்குச் சர்க்கரை நோய் இளமையிலேயே வருகிறது என்பது இந்த அவைக்குத் தெரியும். அந்த அழைப்புக் கடிதத்தைக் குப்பையில் போடும் அப்பா அம்மா வீட்டில் இருந்தால், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை முதலில் அவர்களை அழைத்துச் செல்லட்டும். டிரக்கோமாவும் ஒரு நல்ல செய்தி தருகிறது. பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து அதை இந்தியா ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2024இல் அறிவித்தது.

6. படிக்கும் முறை

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். முதலில் மெல்லிய நூல் ஒன்றை முழுதாகப் படித்து முடியுங்கள். புரூஸ் ஜேம்ஸ், ஆன்டனி பிரான் எழுதிய விரிவுரைக் குறிப்பு நூல் போதும். பிறகு கான்ஸ்கியின் மருத்துவ நூலைப் படங்களுக்காகப் புரட்டுங்கள், ஒவ்வொரு பக்கத்தையும் படிக்க முயல வேண்டாம். அடிப்படை அறிவியலுக்கு ஃபாரஸ்டர் குழுவினரின் 'தி ஐ' நூலில் விழித்திரை, கருவிழி, கண்நீர் இயல்களைப் படியுங்கள். ஐயம் வந்தால் பார்க்க ஆக்ஸ்ஃபோர்டு கைந்நூல் ஒன்று பையில் இருக்கட்டும்.

கேள்வி வங்கியை முதல் நாளே திறக்காதீர்கள். நூல் ஒரு முறை முடிந்த பிறகு திறங்கள். தவறிய கேள்வி ஒவ்வொன்றுக்கும் சரியான விடையை எழுதாமல், அதன் காரணத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அந்த வாக்கியம் வராவிட்டால் நூலுக்குத் திரும்புங்கள். தேர்வு நேரத்தைக் கணக்கிட்டால் ஒரு கேள்விக்கு 80 நொடி. படங்களும் குடும்ப மரங்களும் கூடுதல் நேரம் கேட்கும் என்பதால் நேரடிக் கேள்விகளை அதைவிட விரைவாக முடிக்கப் பழக வேண்டும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து படித்தால் நல்லது. ஒருவர் 'ஏன்' என்று கேட்க, மற்றவர் புத்தகத்தை மூடிக்கொண்டு சொல்ல வேண்டும்.

கடைசியாக, கண்களைப் பாருங்கள். எழுத்துத் தேர்வுதானே என்று மருத்துவமனைக்குப் போகாமல் இருக்காதீர்கள். உங்கள் கல்லூரியோடு இணைந்த கண் அவசரப் பிரிவில் ஒரு மாலை நின்று கவனிக்க அனுமதி கேளுங்கள். பெரும்பாலான கன்சல்டன்ட்கள் மகிழ்ச்சியோடு சேர்த்துக்கொள்வார்கள். பார்வை நரம்புத் தட்டு வீங்கியிருப்பதை ஒரு முறை கண்ணால் பார்த்தவர் அதை மறப்பதில்லை.

இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாருக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. கையில் பிடித்துப் பார்க்கும் ஆஃப்தல்மாஸ்கோப் ஒன்று சொந்தமாக வாங்குவது மாணவர்களுக்கு எளிதல்ல. வார்டில் இருக்கும் கருவிகளில் பாதிக்கு மின்கலம் தீர்ந்திருக்கும். இந்த அறக்கட்டளை அடுத்த ஆண்டுக்குள் சில கருவிகளும் நான் சொன்ன நூல்களில் சில படிகளும் வாங்கி, தேர்வு எழுத விரும்பும் மாணவர்களுக்கு இரவலாகக் கொடுத்துத் திரும்பப் பெற்றுக்கொள்ளட்டும். இன்று எனக்குத் தரப்பட்ட மதிப்பூதியத்தை அந்த முயற்சிக்கான முதல் தொகையாக ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.